வென்றால் நீளும் ஒப்பந்தம்

2022 ஜனவரி 22 அன்று கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் கலப்புத் தற்காப்புக் கலை நிறுவனமான யுஎஃப்சியின் ஹெவிவெயிட் சாம்பியன் பிரான்சிஸ் எங்கானு கூண்டுக்குள் இறங்கியபோது அவருடைய முழங்கால் ஜவ்வு கிழிந்திருந்தது. சில வாரங்களுக்கு முன் பயிற்சியில் பட்ட காயம். ஒரே குத்தில் ஆளைச் சாய்ப்பவர் என்று பெயரெடுத்தவர் அன்று குத்துவதைக் குறைத்துக்கொண்டார். எதிராளி சிரில் கானை மல்யுத்தப் பிடியில் தரைக்கு இழுத்து அமுக்கி, ஐந்து சுற்றையும் ஓட்டி, மூன்று நடுவர்களின் ஒருமித்த தீர்ப்பில் பட்டத்தைத் தக்கவைத்தார். அந்தச் சண்டையின் உத்திகளைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இரவில் அவருடைய சட்ட நிலைமை. அவர் கையெழுத்திட்டிருந்த ஒப்பந்தத்தில் அதுவே கடைசிச் சண்டை. தோற்றிருந்தால், பேச்சுவார்த்தைக்கென ஒதுக்கிய சில மாதக் கெடு முடிந்ததும் அவர் வேறு இடம் தேடிப் போகலாம். ஆனால் தோற்றவருக்குச் சந்தையில் மதிப்பு இராது. வென்றாரோ, சாம்பியனுக்கென்றே எழுதப்பட்ட ஷரத்து உயிர்பெற்று ஒப்பந்தம் தானாக நீளும். நீண்டது. கலப்புத் தற்காப்புக் கலை வீரர்களின் வாழ்க்கைப் போராட்டம் என்று நாம் படிப்பவை பெரும்பாலும் வறுமை, மன உறுதி, தலைக்கனம், போதை என்று ஆளின் குணத்தைச் சுற்றியே வருகின்றன. எங்கானுவின் தொழில் வாழ்க்கையைத் தேதிவாரியாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: அவர் பட்ட பாட்டில் பெரும்பகுதி ஒப்பந்தத்தின் கட்டமைப்பிலிருந்து வந்தது, அந்தக் கட்டமைப்பு தோற்றவரைக் காட்டிலும் வென்றவரையே அதிகம் இறுக்குகிறது.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. எங்கானு 1986இல் கேமரூனின் மேற்குப் பகுதியில் பாத்தியே என்ற சிற்றூரில் பிறந்தார். ஆறு வயதில் பெற்றோர் பிரிந்தார்கள். நோட்டும் பேனாவும் வாங்க வழியில்லாத பள்ளிப் பருவத்திலேயே மணல் குவாரியில் வேலைக்குப் போனார். மண்வெட்டியால் மணலை அள்ளி லாரியில் ஏற்றும் வேலை. இருபத்திரண்டு வயதில்தான் குத்துச்சண்டைப் பயிற்சி தொடங்கியது. ஆதர்சம் மைக் டைசன். 2012இல் ஊரைவிட்டுக் கிளம்பி, நைஜீரியா, நைஜர், அல்ஜீரியா வழியாகச் சஹாராவைக் கடந்து மொராக்கோ சேர்ந்தார். அங்கே ஏறத்தாழ ஓராண்டு. சந்தைக் குப்பையில் உணவு பொறுக்கியிருக்கிறார். ரப்பர் படகில் கடலைக் கடக்கப் பலமுறை முயன்று, பிடிபட்டு, பாலைவனத்தில் கொண்டுபோய் விடப்பட்டு, மறுபடியும் கடற்கரைக்கு நடந்திருக்கிறார். ஸ்பெயினில் இறங்கியபின் இரண்டு மாதக் காவல். 2013இல் பாரிஸில் அவருக்குக் கிடைத்த முதல் படுக்கை ஒரு கார் நிறுத்துமிடம். குத்துச்சண்டை வீரராகத்தான் வந்தார். எம்எம்ஏ ஃபேக்டரி என்ற பயிற்சிக்கூடத்தின் ஃபெர்னான் லோபெஸ்தான் அவரைக் கலப்புச் சண்டையின் பக்கம் திருப்பினார். இரண்டே ஆண்டுகளில், 2015 டிசம்பரில், யுஎஃப்சியில் முதல் சண்டை.

இந்தக் கதையில் பொய் ஏதுமில்லை. அது எதற்குப் பயன்பட்டது என்பதில்தான் சிக்கல். சண்டைக்கு முந்தைய விளம்பரக் காட்சிகளிலும் வர்ணனையிலும் மணல் குவாரி திரும்பத் திரும்ப வந்தது. அதனால் அவருடைய சம்பளத்தை அளக்கும் கோல் எப்போதும் பாத்தியேவிலேயே நின்றுவிட்டது. மணல் அள்ளிய ஆளுக்கு ஆறு லட்சம் டாலர் போதாதா என்ற கேள்வி எழுப்பப்படுவதற்கு முன்பே ரசிகர் மனத்தில் விதைக்கப்பட்டுவிடுகிறது. கானுடனான அந்தச் சண்டைக்கு அறிவிக்கப்பட்ட ஊதியம் அதுதான்: ஆறு லட்சம். அதில் மேலாளருக்கும் பயிற்சியாளர்களுக்கும் பங்கு, பயிற்சி முகாமின் செலவு, வருமான வரி எல்லாம் போக வேண்டும். அந்தத் தொகையை அவர் ஒரு காலத்தில் வாங்கிய கூலியோடு ஒப்பிட்டால் பெரும் செல்வம்; அந்த இரவு ஈட்டிக்கொடுத்த வருவாயோடு ஒப்பிட்டால் வேறு கணக்கு. எந்த ஒப்பீடு நியாயமானது என்பதே விவாதம். வறுமைக் கதை அந்த விவாதத்தை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

குணத்தின் மேல் பழிபோடும் பழக்கத்துக்கு 2018 நல்ல உதாரணம். அந்த ஜனவரியில் பாஸ்டனில் அன்றைய சாம்பியன் ஸ்டிபே மியோசிச்சிடம் எங்கானு ஐந்து சுற்றும் ஆடித் தோற்றார். ஜூலையில் டெரிக் லூயிஸுடன் மோதியபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். யுஎஃப்சி வரலாற்றின் மிகச் சலிப்பான சண்டைகளில் ஒன்று. எங்கானுவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று நிறுவனத் தலைவர் டேனா ஒயிட் வெளிப்படையாகச் சொன்னார். இருக்கலாம்; முந்தைய தோல்வியின் பயம் உடலில் தங்கிவிட்டதாக எங்கானுவே பின்னர் ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கவனிக்க வேண்டும். கர்டிஸ் பிளேட்ஸை 45 விநாடியிலும், கெய்ன் வெலாஸ்கெஸை 26 விநாடியிலும், ஜூனியர் டாஸ் சான்டோஸை 71 விநாடியிலும், ஜைர்சின்யோ ரோசன்ஸ்ட்ரைக்கை 20 விநாடியிலும் வீழ்த்தினார். நான்கு சண்டைகளும் சேர்ந்து மூன்று நிமிடம்கூட இல்லை. இருந்தும் மறுபடி பட்டத்துக்காக மோத 2021 மார்ச் 27 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யார் யாரோடு எப்போது மோத வேண்டும், யாருக்குப் பட்ட வாய்ப்பு என்பதை இந்த விளையாட்டில் ஒரு சம்மேளனமோ தகுதிச்சுற்று அட்டவணையோ தீர்மானிப்பதில்லை. சண்டையை விற்கும் நிறுவனம்தான் தீர்மானிக்கிறது. பெல்ட்டும் அதன் சொத்து. வீரரின் உச்ச வயதில் இரண்டரை ஆண்டு காத்திருப்பு என்பது குணத்தின் விளைவல்ல, அட்டவணை போடுபவரின் வசதி.

ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். யுஎஃப்சி வீரர்கள் ஊழியர்கள் அல்லர், சுயேச்சை ஒப்பந்ததாரர்கள். மாதச் சம்பளம் கிடையாது. கூண்டில் இறங்கினால் ஒரு தொகை, வென்றால் பெரும்பாலும் அதே அளவு இன்னொரு தொகை. புதிதாக வருபவருக்கு 12,000 டாலரும் வென்றால் மேலும் 12,000 டாலரும் என்பது அண்மைக்கால வழக்கம். ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ சண்டைதான் கிடைக்கும். காயம்பட்டால் அதுவும் இல்லை. நடுவரின் தீர்ப்பு ஒரு புள்ளியில் மாறினால் பாதி வருமானம் போய்விடும். முன்பெல்லாம் அரைக்கால்சட்டையில் விளம்பரம் குத்திக்கொண்டு வீரர்கள் ஓரளவு சமாளித்தார்கள். டயர் கடை, சத்துப் பொடி, உள்ளூர் வக்கீல் என்று கிடைத்த பெயரையெல்லாம் தொடையில் ஒட்டிக்கொண்டு வருவார்கள். பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும், ஆனால் காசு அவர்களுடையது. 2015 ஜூலையில் ரீபாக் சீருடை வந்தபின் அந்த வழி அடைபட்டது. இப்போது சீருடைக்கென்று நிறுவனம் ஒரு தொகை தருகிறது: வேனம் நிறுவனத்துடனான ஏற்பாட்டில் புதியவருக்கு ஒரு சண்டைக்கு 4,000 டாலர், சாம்பியனுக்கு 42,000. உலகின் ஹெவிவெயிட் சாம்பியன் தன் உடம்பை விளம்பரப் பலகையாக விற்றால் என்ன கிடைக்குமோ அதோடு ஒப்பிட்டால் இது சில்லறை. இவற்றுக்கெல்லாம் மேலே சாம்பியன் ஷரத்து. ஒப்பந்தக் காலம் முடியும்போது வீரர் கையில் பட்டம் இருந்தால், மேலும் ஓராண்டோ மூன்று சண்டையோ என்று ஒப்பந்தம் நீளும். கொடுத்த சண்டையை மறுத்தாலும், காயத்தால் ஒதுங்கினாலும் அந்தக் காலத்தையும் சேர்த்து நீட்டலாம். சந்தையில் ஒருவருடைய விலை உச்சத்தில் இருக்கும் தருணம் பட்டம் கையில் இருக்கும் தருணம். சரியாக அந்தத் தருணத்தில் சந்தைக்குப் போகவிடாமல் தடுப்பதே அந்த ஷரத்தின் வேலை.

இது வெறும் ஊகமில்லை, நீதிமன்றப் பதிவு. 2014 டிசம்பரில் கங் லே, நேட் குவாரி, ஜான் ஃபிட்ச் முதலிய வீரர்கள் யுஎஃப்சியின் தாய் நிறுவனமான சூஃபாவின் மேல் ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தார்கள். நீண்டகால ஒப்பந்தங்களால் வீரர்களைக் கட்டிவைத்தும், போட்டி நிறுவனங்களை வாங்கி மூடியும் நிறுவனம் சம்பளத்தைச் செயற்கையாகத் தாழ்த்தியது என்பது குற்றச்சாட்டு. வழக்கு லாஸ் வேகஸ் கூட்டாட்சி நீதிபதி ரிச்சர்ட் போல்வேர் முன் ஒன்பது ஆண்டு ஊர்ந்து, 2023 ஆகஸ்டில்தான் குழு வழக்காக ஏற்கப்பட்டது. அதில் வெளிவந்த கணக்குகளின்படி நிறுவனத்தின் வருவாயில் வீரர்களுக்குப் போனது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்திலும் அமெரிக்கக் கால்பந்திலும் தொழிற்சங்கம் பேசிப் பெற்ற பங்கு ஏறத்தாழப் பாதி. 33.5 கோடி டாலருக்கு இரு தரப்பும் பேசி முடித்த சமரசத்தை நீதிபதி 2024இல் ஏற்க மறுத்தார். பின்னர் அது 37.5 கோடியாக உயர்ந்து, 2025 பிப்ரவரியில் இறுதி ஒப்புதல் பெற்றது. 2010 டிசம்பர் முதல் 2017 ஜூன் வரை சண்டையிட்ட சுமார் 1,100 பேருக்கு அந்தப் பணம். தன் பக்கம் தவறு இருப்பதாக நிறுவனம் எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தப் பின்னணியில் 2021இன் நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பெல்ட் எப்படிப் பேரம் பேசும் கருவியாகிறது என்பது விளங்கும். மார்ச் மாத இறுதியில் எங்கானு இரண்டாம் சுற்றில் மியோசிச்சை வீழ்த்திச் சாம்பியன் ஆனார். ஆகஸ்டு தொடக்கத்தில் பட்டத்தைக் காக்கச் சொன்னது நிறுவனம். செப்டம்பரில் தயார் என்றது வீரர் தரப்பு. ஒரு மாத இடைவெளி. ஆகஸ்டு 7 அன்று ஹியூஸ்டனில் லூயிஸும் கானும் மோதிய சண்டைக்கு ‘இடைக்காலப் பட்டம்’ என்று பெயர் சூட்டப்பட்டது. சாம்பியன் காயத்தால் நெடுங்காலம் படுத்துவிட்டால் கொடுக்க வேண்டிய பட்டம், எங்கானு பெல்ட்டை வாங்கி ஐந்து மாதம்கூட ஆகாதபோது, ஆரோக்கியமாக இருக்கையிலேயே உருவாக்கப்பட்டது. பட்டம் உன்னுடையதல்ல, எங்களுடையது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதித்தர முடியாது. அடுத்த ஜனவரியில் கிழிந்த ஜவ்வோடு அவர், இடைக்காலப் பட்டம் பெற்றிருந்த கானை வென்று இரண்டு பட்டங்களையும் ஒன்றாக்கியபோது, வழக்கமாக வெற்றியாளரின் இடுப்பில் பெல்ட்டைக் கட்டும் ஒயிட் கூண்டுக்குள் வரவில்லை. மேடைக்குப் பின்னால் வேறு வேலை இருந்தது என்று பின்னர் விளக்கம் தந்தார். அதன்பின் எங்கானு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அந்த ஆண்டு முழுக்கச் சண்டையின்றி உட்கார்ந்திருந்தார். 2023 ஜனவரி 14 அன்று நிறுவனம் அவரை விடுவிப்பதாக அறிவித்தது. பேச்சுவார்த்தையில் தான் கேட்டவை என்று அவர் சொன்னவற்றுள் மூன்று கவனிக்கத்தக்கவை: சொந்த விளம்பரதாரர்களை வைத்துக்கொள்ளும் உரிமை, வீரர்களுக்கு மருத்துவக் காப்பீடு, நிர்வாகக் கூட்டங்களில் வீரர்களுக்காகப் பேச ஒரு பிரதிநிதி. கடைசி இரண்டும் அவருக்கு மட்டும் உரியவை அல்ல. 2011 முதலே யுஎஃப்சியில் விபத்துக் காப்பீடு உண்டு. பயிற்சியிலும் சண்டையிலும் பட்ட அடிக்கு அது உதவும். ஓய்வுபெற்றபின் வரும் தலைவலிக்கு உதவாது.

எதிர்வாதங்கள் உண்டு, வலுவானவையும்கூட. கையெழுத்துப் போட்டவர் வளர்ந்த ஆள், மேலாளரும் வக்கீலும் உடனிருந்தார்கள், பிடிக்காவிட்டால் போடாமல் இருந்திருக்கலாம் என்பது முதலாவது. இதற்குப் பதில் அவர் கையெழுத்திட்ட காலத்தின் சந்தை நிலவரத்தில் இருக்கிறது. 2001இல் சூஃபா இருபது லட்சம் டாலருக்கு யுஎஃப்சியை வாங்கியபோது ஜப்பானின் பிரைட் என்ற சண்டை நிறுவனம் அதைவிடப் பெரியது. வீரர்கள் இரண்டுக்கும் இடையே விலை பேசினார்கள். 2007இல் பிரைடையும், 2011இல் இன்னொரு போட்டி நிறுவனமான ஸ்ட்ரைக்ஃபோர்ஸையும் யுஎஃப்சியின் உரிமையாளர்களே வாங்கிவிட்டார்கள். எங்கானு வரும்போது உலகின் முதல் பத்து ஹெவிவெயிட்டுகளில் பெரும்பாலோர் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அங்கே சேராதவர் தன்னை உலகச் சிறந்தவர் என்று நிரூபிக்க வேறு களம் கிடையாது. ஒரே ஒரு முதலாளி இருக்கும் ஊரில் வேலைக்குச் சேர்வதும் விருப்பத்தோடு சேர்வதுதான். அந்த விருப்பத்துக்கு எவ்வளவு எடை தரலாம் என்பதே கேள்வி.

இரண்டாவது எதிர்வாதம் எனக்கு முதலாவதைவிடப் பொருட்படுத்தத்தக்கதாகப் படுகிறது. கூடைப்பந்து லீக்கோடு ஒப்பிடுவது தவறு. அங்கே பல அணி முதலாளிகள் போட்டியிட்டு ஆள் பிடிக்கிறார்கள், இங்கே ஒரு நிறுவனம் தன்னந்தனியாக முதலீடு போட்டு, பல மாநிலங்களில் தடைசெய்யப்பட்டிருந்த ஒரு விளையாட்டைச் சட்டபூர்வமாக்கி, தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்து, அரங்கம், ஒளிபரப்பு, விளம்பரம் எல்லாச் செலவையும் ஏற்கிறது. இந்த நிறுவனம் இல்லாவிட்டால் எங்கானுவின் பெயரே வெளியில் தெரிந்திராது என்பார்கள். நிறுவனம் சந்தையை உருவாக்கியது உண்மை. நியூயார்க் மாநிலத்தில் 2016 வரை தொழில்முறைச் சண்டைக்குத் தடை இருந்தது. அதை நீக்கப் பல ஆண்டு உழைத்தது அவர்கள்தான். ஆனால் செலவு அதிகம் என்ற வாதத்தை லாபக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2016இல் சூஃபாவின் உரிமையாளர்கள் யுஎஃப்சியை ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு விற்றார்கள். இன்றைய தாய் நிறுவனமான டிகேஓவின் அறிக்கைப்படி 2024இல் யுஎஃப்சியின் வருவாய் சுமார் 140 கோடி டாலர். வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம் அதில் பாதிக்கும் மேல். 2025 ஆகஸ்டில் பாரமவுண்டுடன் ஏழு ஆண்டுக்கு 770 கோடி டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தம். முதலீட்டின் ஆபத்துக்கு ஈடாக அதிகப் பங்கு கேட்பது ஆரம்ப ஆண்டுகளுக்குப் பொருந்தும். ஆபத்து மறைந்து இருபதாண்டு ஆனபின்னும் பங்கு நகரவில்லை என்றால், நகராததற்கு வேறு காரணம் தேட வேண்டும். காரணம் எளிது: பேரம் பேச வீரர்களுக்கு அமைப்பு இல்லை. ஒப்பந்ததாரர்கள் என்பதால் தொழிற்சங்கச் சட்டம் அவர்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. 2018இல் சங்கம் அமைக்க முன்கை எடுத்த வீராங்கனை லெஸ்லி ஸ்மித், தன் எதிராளி எடை மீறியதால் சண்டையை மறுத்தபோது, இறங்கும் தொகையையும் வெல்லும் தொகையையும் சேர்த்துக் கொடுத்து ஒப்பந்தம் முடிந்தது என்று அனுப்பிவைக்கப்பட்டார். சண்டையே இல்லாமல் முழுச் சம்பளம் கிடைத்த அபூர்வ நேரம் அது.

மூன்றாவது எதிர்வாதம் மனிதரைப் பற்றியது: அடிபடுவதே தொழில் என்று தெரிந்து வந்தவர்கள், அவர்களுடைய வலிக்கும் போதைக்கும் வீழ்ச்சிக்கும் ஒப்பந்தத்தைக் குற்றம் சொல்வது எப்படி? இங்கே மார்க் கெர்ரின் வாழ்க்கையை அருகில் வைத்துப் பார்ப்பது பயன்படும். 1992இல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தச் சாம்பியன்; 1997இல் யுஎஃப்சியின் இரண்டு ஹெவிவெயிட் தொடர்களை வென்றவர்; பிறகு ஜப்பானில் பிரைடின் நட்சத்திரம். ஜான் ஹையம்ஸ் எடுத்து 2002இல் வந்த ஆவணப்படத்தில் அவர் தனக்குத்தானே வலிநிவாரணி ஊசி போட்டுக்கொள்வது மறைக்கப்படாமல் காட்டப்படுகிறது. அளவு மீறி மருத்துவமனைக்குப் போனதும் அதில் உண்டு. 2025இல் டுவேன் ஜான்சன் நடித்து வெளிவந்த திரைப்படமும் இதே வாழ்க்கைதான். இரண்டையும் பார்ப்பவர்கள் பொதுவாகப் பேசுவது பலசாலியின் பலவீனத்தைப் பற்றி. ஆனால் அந்த ஊசி எதற்காகப் போடப்பட்டது என்று கேட்டால் பதில் தொழிலுக்குள் இருக்கிறது. பட்ட காயம் ஆறும்வரை காத்திருந்தால் வருமானம் இல்லை. அடுத்த சண்டைக்கான தேதி குறித்தாயிற்று. மற்றத் தொழில்முறை விளையாட்டுகளிலும் வலிநிவாரணிப் பழக்கம் உண்டு என்பது சரியே. அங்கே காயம்பட்டவருக்குச் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும். அடி விழுவது விளையாட்டின் இயல்பு, ஒத்துக்கொள்ளலாம். அந்த அடியின் செலவை யார் தாங்குவது என்பது இயல்பில் இல்லை; எழுதிக்கொண்ட தாளில் இருக்கிறது. லாஸ் வேகஸில் 2011 முதல் கிளீவ்லாண்ட் கிளினிக்கின் மருத்துவர்கள் தொழில்முறைச் சண்டையாளர்களின் மூளையை ஆண்டுதோறும் படமெடுத்து ஆராய்கிறார்கள். தலையில் வாங்கும் அடி கூடக்கூட மூளையின் சில உட்பகுதிகளின் பருமன் குறைவதையும், சிந்தனை வேகம் மந்தமாவதையும் அவர்களுடைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கங் லே வழக்கின் இரண்டாம் சமரசத்தை ஏற்கும்படி நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் நீதிபதிக்கு எழுதிய வாக்குமூலங்களில் திரும்பத் திரும்ப வருவது இதன் மறுபக்கம்: மறதி, கடன், கட்ட முடியாத மருத்துவச் செலவு. முதல் சமரசத் தொகை போதாது என்று கருதிய நீதிபதி அடுத்ததை ஏற்றதில் அந்த வாக்குமூலங்களின் அவசரத்துக்கும் பங்கு உண்டு. பெரிய தொகைக்காக வழக்கை முழுதாக நடத்திப் பார்க்கும் வசதி அவர்களுக்கு இல்லை.

இனி, கடைசியாகச் சொல்லப்படுவதும் கேட்டவுடன் சரியென்று தோன்றுவதுமான வாதம்: எங்கானு வெளியேறினார் அல்லவா, அப்படியானால் கதவு திறந்துதானே இருந்தது? வெளியேற என்னென்ன கூடிவர வேண்டியிருந்தது என்று பார்ப்போம். வழக்கு தொடுக்கப்பட்ட பிறகு யுஎஃப்சி ஒப்பந்தங்களில் ஐந்து ஆண்டு உச்சவரம்பு ஒன்று சேர்ந்தது. சாம்பியன் ஷரத்தும் அதற்குள் அடங்கும். எங்கானு கடைசியாகக் கையெழுத்திட்டது 2017 டிசம்பரில். ஆக, 2022 முடியும்வரை சண்டையிடாமல் பொறுத்திருந்தால் விடுதலை. சக வீரர்கள் நீதிமன்றத்தில் ஏற்படுத்திய நெருக்கடி இல்லாவிட்டால் அந்த வரம்பே இருந்திருக்குமா என்பது சந்தேகம். அடுத்து, உச்ச வயதில் ஓராண்டு வருமானமின்றி இருக்கும் துணிவு. அதற்கு மொராக்கோக் கடற்கரை அவரைப் பழக்கியிருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம், வறுமைக் கதைக்கு ஒரே ஒரு உண்மையான பயன். மூன்றாவது, குத்துச்சண்டை உலகின் ஹெவிவெயிட் சாம்பியன் டைசன் ஃபியூரி அவரோடு மோத ஆசைப்பட்டது. நான்காவது, சவூதி அரசின் பணம். 2023 அக்டோபர் 28 அன்று ரியாதில், தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதுவரை ஒருமுறைகூட இறங்கியிராத எங்கானு மூன்றாம் சுற்றில் ஃபியூரியைத் தரையில் சாய்த்தார். பத்துச் சுற்று முடிவில் ஒரு நடுவர் எங்கானுவுக்கு 95-94 என்று போட்டார். மற்ற இருவரும் ஃபியூரிக்கு. தோற்ற அந்த ஒரே இரவில் யுஎஃப்சியில் ஈட்டியது அத்தனையையும்விடக் கூடுதலாகக் கிடைத்தது. ஒரு வீரருக்குச் சந்தை விலை கிடைக்க ஒரு மன்னராட்சியின் கேளிக்கை பட்ஜெட் தேவைப்பட்டிருக்கிறது. அதைத் திறந்த கதவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பணத்தின் மேல் உள்ள மனித உரிமைக் கேள்விகளும் அவரைத் தொடரத்தான் செய்யும்.

வெளியேறியபின் எல்லாம் நலம் என்றும் சொல்ல முடியாது. 2024 மார்ச்சில் ஆன்டனி ஜோஷுவா இரண்டே சுற்றில் அவரை மூன்று முறை வீழ்த்தினார். மூன்றாவது முறை வெகுநேரம் எழவில்லை. குத்துச்சண்டையில் அவர் இன்னும் புதியவர் என்பதை அந்த இரவு இரக்கமில்லாமல் காட்டியது. அடுத்த மாதம் அவருடைய பதினைந்து மாதக் குழந்தை கோபே இறந்தான். அந்த இழப்பை எந்த ஒப்பந்தத்தோடும் சேர்த்துப் பேச முடியாது, பேசவும் கூடாது. எல்லாத் துயரையும் கட்டமைப்பில் ஏற்றிவிடும் விளக்கத்துக்கு அங்கே எல்லை. சண்டையையே விட்டுவிடலாமா என்று யோசித்ததாக அவர் சொன்னார். அக்டோபரில் ரியாதில் ரெனான் ஃபெரெய்ராவை முதல் சுற்றிலேயே வென்று, வெற்றியை மகனுக்கு அர்ப்பணித்தார். அது பிஎஃப்எல் என்ற போட்டி நிறுவனத்தின் மேடை. 2023 மே மாதம் அந்த நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில் அவருக்கு நிறுவனத்தில் பங்கு, ஆப்பிரிக்கப் பிரிவின் தலைமை, வீரர்கள் சார்பில் பேச ஆலோசனைக் குழுவில் ஓர் இடம் ஆகியவை கிடைத்தன. தன்னை எதிர்த்து இறங்குபவருக்குக் குறைந்தது இருபது லட்சம் டாலர் என்றும் பேசிவைத்தார். கடைசி அம்சத்தைக் கேட்டு ஒயிட் தரப்பு ஆதரவாளர்கள் சிரித்தார்கள். எதிராளியின் சம்பளத்துக்காகத் தன் பேர வலிமையைச் செலவழித்த சாம்பியன் இந்த விளையாட்டில் வேறு யாரும் என் நினைவுக்கு வரவில்லை. விலையும் கொடுத்தார்: யுஎஃப்சியில் கடைசியாக ஆடியதற்கும் இந்தச் சண்டைக்கும் இடையே கூண்டுக்குள் அவர் இறங்காத காலம் ஏறத்தாழ இரண்டே முக்கால் ஆண்டு. யுஎஃப்சி வீரர் ஜான் ஜோன்ஸோடு மோதியிருந்தால் யார் வென்றிருப்பார் என்பது விடையில்லாமலே போனது.

குத்துச்சண்டையில் இந்தச் சிக்கலுக்கு அமெரிக்கா ஒருமுறை சட்டத்தால் விடை தேடியது. 2000இல் வந்த முகமது அலி சீர்திருத்தச் சட்டம், சண்டையால் வந்த வருவாயை வீரரிடம் வெளிப்படுத்தும்படி ஏற்பாட்டாளரைக் கட்டாயப்படுத்துகிறது. வாய்ப்புக்கு விலையாக நெடுங்கால ஒப்பந்தத்தைத் திணிப்பதைக் கட்டுப்படுத்துகிறது. பட்டத்தையும் தரவரிசையையும் அங்கே கவனிப்பவை ஏற்பாட்டாளருக்கு வெளியே உள்ள அமைப்புகள். அந்த அமைப்புகளின் ஊழலும் குழப்பமும் ஊரறிந்தவை. நான்கு பெல்ட், நாற்பது தகராறு. இருந்தாலும் ஃபியூரியும் ஜோஷுவாவும் தங்கள் பங்கைத் தாங்களே பேசிக்கொள்ள முடிகிறது. அந்தச் சட்டத்தைக் கலப்புச் சண்டைக்கும் விரிவாக்க 2016 முதல் கொண்டுவரப்பட்ட மசோதா நிறைவேறவில்லை. மாறாக, 2025இல் குத்துச்சண்டைக்குள் நுழையும் டிகேஓவின் ஆதரவோடு அமெரிக்க நாடாளுமன்றத்தில் வேறொரு மசோதா வந்தது: பட்டம், தரவரிசை, ஒப்பந்தம் மூன்றையும் ஒரே அமைப்பு வைத்துக்கொள்ளக் குத்துச்சண்டையிலும் வழிவிடும் மசோதா. 2017க்குப் பிறகு ஆடிய வீரர்களுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு தனியாக நடக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் கையெழுத்தான ஒப்பந்தங்கள் பலவற்றில் புதிதாக ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது: தகராறு வந்தால் நீதிமன்றம் கிடையாது, தனி நடுவர் தீர்ப்புதான்; பலர் சேர்ந்து குழுவாக வழக்குத் தொடுக்கவும் கூடாது. அந்தப் பத்தி செல்லுமா என்று கேட்டு மிஷா சிர்குனோவ் என்ற வீரர் 2025 மே மாதம் நெவாடாவில் தனியே வழக்குத் தொடுத்தார்.